மாவுக்கும் பூவுக்கும் ஒரே சத்தம்தான், அண்ணே

என் பிரியமுள்ள முத்தையா அண்ணே,

உங்கள் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் பசறைக்கும் பூனாகலைக்கும் திரும்பிவிட்டார்கள். பதுளையில் மழை இன்னும் விடவில்லை. நீங்கள் போன இடத்தில் இங்கிலீசு பேசுகிறார்களா? பேசினால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து, வெள்ளைக்காரத் துரை பேசுவதைக் கேட்டுப் படித்த இங்கிலீசு உங்களுடையது. என்னுடையது கடை மாவு மூட்டையைப் பார்த்துப் படித்தது. மாவுக்கும் பிளவர், பூவுக்கும் பிளவர், இரண்டும் ஒரே சத்தம் என்றேன் நான். மாவு என்றால் வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறக்க வேண்டும் என்றீர்கள் நீங்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயிற்று?

இப்போது மதினியின் சேதி. உங்களை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை. கஞ்சி வைத்தால் வைத்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொல்கிறார்கள். அவர் சுவரைப் பார்க்கிறார். உங்கள் மகள் செல்லம்மா பயந்துபோய் நேற்று எனக்கு ஆள் அனுப்பினாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வருமா? போய் உட்கார்ந்து, செல்லம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன்: "இனிமே என்னைய மறிச்சுப் பேச ஆளு இல்ல, தாயி. மாவும் பூவும் ஒரே சத்தந்தான். நாந்தான் ஜெயிச்சேன்."

சுவர்ப் பக்கமிருந்து மதினியின் குரல் வந்தது.

"ஆளு இல்லாத நேரம் பாத்து ஜெயிக்க வந்தீங்களாக்கும், கொழுந்தனாரே?"

"பின்ன என்ன மதினி? அண்ணே இருந்தா விடுவாரா?"

"நா இருக்கேன்ல. மாவுக்கு வாய இப்படித் தொறக்கணும்னு அவுக சொன்னாக." திறந்தே காட்டினார். "பிளாவர். உங்களுக்கு வெத்தல அடச்ச வாயி. எங்கிட்டுத் தொறக்கும்?"

செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. நான் விடவில்லை. மதினியும் விடவில்லை. கடைசியில், "அந்தக் கஞ்சியக் கொண்டா புள்ள. இவரோட மல்லுக்கட்டத் தெம்பு வேணும்" என்றார். குடித்தார், அண்ணே. நடுநடுவே என்னைத் திட்டிக்கொண்டே குடித்தார்.

ஓர் எழுத்து இங்கிலீசு தெரியாதவரிடம் தோற்றுவிட்டேன். உங்களிடம் நான் ஒருநாளும் தோற்றதில்லை, அதையும் மறந்துவிடாதீர்கள்.

வாரா வாரம் போவேன். மதினி சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்படிக்கு,
வாய் ஓயாத உங்கள் தம்பி,
கருப்பையா