பிக்குணியின் கதைக்கு மட்டும் ஆதாரம்

ரோவில், ஜூலை, ஞாயிறு இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கம் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு தொடங்கப் போகிறது. நான் பல வருடங்களாக விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறேன். நானே சொல்லிக்கொடுக்கட்டுமா என்று இன்றைய கூட்டத்தில் கேட்டேன். ஷாவோலின் குங்ஃபூ பழகும் சுரேனும் கேட்டான்.

விங் சுன்னை உருவாக்கியது ஒரு பிக்குணி, அதாவது பௌத்தப் பெண் துறவி என்றும், அவரிடம் கற்றவள் கட்டாயக் கலியாணத்தை எதிர்த்த இளம்பெண் என்றும் சொல்வார்கள். பலம் குறைந்தவர்களுக்கும் அது கைகொடுக்கும் என்று விளக்கினேன். சுரேன் சிரித்தான்.

"அது கட்டுக்கதை அக்கா. ஆதாரம் ஒண்டுமில்லை. ஷாவோலின் அப்பிடியில்லை. எங்கட போதிதருமர் காஞ்சிபுரத்தில இருந்து போய்ப் பழக்கினது."

"அதுக்கு ஆதாரம் எங்க தம்பி?"

"அது வரலாறு" என்றான். சங்கத் தலைவரும் தலையாட்டினார். வகுப்பு சுரேனுக்குப் போய்விட்டது.

இரண்டுமே வாய்வழி வந்த கதைகள்தான். பெண் வருகிற கதைக்கு மட்டும் ஏன் சாட்சி கேட்கிறார்கள்? அதுவும் பெண்களுக்கான வகுப்பில்!

கூட்டத்துக்கு வந்திருந்த நஸ்ரின், கார் நிறுத்துமிடம் வரை என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, நான் அவரிட்டப் பழக மாட்டன். நீங்க வீட்டில சொல்லித் தருவீங்களா?"

"ஓம். கராஜில பழகலாம். சனிக்கிழமை வாங்கோ."

இன்னும் சிலரைக் கூட்டி வருவதாக இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். கராஜ் வகுப்பாகிவிடுவதால் இனிக் காரை ரோட்டில்தான் விட வேண்டும். இங்கே ஜூலை குளிர்காலம்; விடியும்போது கார்க் கண்ணாடியெல்லாம் பனி உறைந்து கிடக்கும். உறையட்டும்.