மதினி வடித்த காப்பி

மதினிக்கு,

இன்று காலை மகன் வாங்கி வந்த புது வேட்டியைப் பிரித்தேன். மடிப்பு விரிந்ததும் கஞ்சி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, வேட்டியப் பாத்துச் சிரிக்கீய?"

"இந்த வாடையில ஒருக்கா காப்பி குடிச்சிருக்கேன் தாயி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருப்பீர்கள். அதனால்தான் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன். எழுத்து எனக்கு வரவில்லை; அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நடந்தது ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளில் நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அண்ணனும் நானும் ஒரே கூடத்தில் தறி ஓட்டினோம். கூடத்துக்கும் நம் தெருவுக்கும் நடுவே, முக்கில், அந்தக் காப்பிக் கடை. காப்பி என்றால் அதுதான் காப்பி. பொய் சொல்லக் கூடாது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் வெளியூர் ஆட்கள்கூட விசாரித்துக்கொண்டு வந்து குடிப்பார்கள். உள்ளே பெஞ்சும் கண்ணாடி கிளாஸும் இருந்தன. அவை மற்றவர்களுக்கு. நமக்கு வெளியே பந்தல்காலில் ஆணி அடித்துத் தகரத் தம்ளர்களை மாட்டியிருப்பார்கள். எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். கடைக்காரர் தம்ளரில் கை படாமல் மேலே இருந்து ஊற்றுவார். நின்றபடியே குடித்துவிட்டு, மறுபடி கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

பிறந்தது முதல் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோல அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம். உங்கள் கண்ணுக்குத்தான் அது பட்டது. இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர் நீங்கள். காப்பிக் கடைப் பக்கம் போனதே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தீர்கள். அப்போது அண்ணன் கடைக்கு வெளியே குத்தவைத்து, சாம்பல் போட்டுத் தம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெடித்தீர்கள்.

"இங்கன தின்ன தட்டத் தள்ளிக்கூட வைக்க மாட்டீய. அங்கன போயி தம்ளரக் கழுவி ஆணியில மாட்டுதீய. கையி ஒண்ணுதானா, இல்ல ரெண்டு வச்சிருக்கீயளா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் வாயைக் கொடுத்தேன். "மதினி, அந்தக் காப்பிய நீங்க குடிச்சதில்ல. குடிச்சா இப்படிப் பேச மாட்டீய."

"அப்பம் காப்பிக்காகத்தான் போறீயளா கொழுந்தனாரே? வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன இருக்கு அங்கன?"

"அம்புட்டுத்தானா!" என்றீர்கள். ஏதோ பெரிய பூட்டுக்குச் சாவி கிடைத்ததுபோல உங்கள் முகம் தெளிந்துவிட்டது. "நாளையிலேர்ந்து அந்தக் காப்பி இந்தத் தெருவுல கெடைக்கும். ஒருத்தரும் அங்கன போயி நிக்கப்பிடாது."

எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்போது நம் வீடுகளில் காப்பி என்றால் தூளையும் கருப்பட்டியையும் ஒன்றாகப் போட்டுக் கொதி கொதி என்று கொதிக்க விடுவதுதான். குடித்தால் நாக்கு மரத்துப்போகும். பல்லிடுக்கில் மண்ணாகத் தட்டும். தலைவலிக்கு மருந்தென்று வேண்டுமானால் குடிக்கலாம். ஆசைப்பட்டுக் குடிக்க முடியாது.

"பித்தளை பில்டர் வேணும் மதினி, ரெண்டடுக்கு. ஆபீசர் வீடுகள்ல எல்லாம் அதுதான்" என்றேன்.

நீங்கள் யோசித்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஒரு வீட்டுக்கு பில்டர் வாங்கிரலாம். தெருவு பூராவும் யாரு வாங்க? அது சொட்டு சொட்டா எறங்கி முடியுமுன்ன தறிக்கூடத்துச் சங்கு ஊதிரும், நீங்க ஓடிருவீய. எல்லா அடுப்புலயும் ஆவணும். நம்ம வீட்டுல கெடக்கதை வச்சே ஆவணும். அப்பிடி ஒரு வழி பாக்கணும்."

அந்த வழியைத் தேடி நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே! கொதிக்க வைக்காமல் வெந்நீரில் கரைத்தீர்கள். சாயத் தண்ணீர் மாதிரி இருந்தது. தெளியட்டும் என்று இறுத்துப் பார்த்தீர்கள். கடைசி மடக்கில் மண்டிதான் வந்தது. கடையில் துணியில்தான் வடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, "துணிக்கா பஞ்சம் இந்த வீட்டுல?" என்று என்னைப் பார்த்தீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், அன்றுதான் தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்தது. என் கையால் ஓட்டிய துணி.

அதில் வடித்தீர்கள். முதலில் ஒன்றுமே இறங்கவில்லை. பிறகு கொழகொழவென்று ஒரு வடிசல் வந்தது. பாலை ஊற்றிக் கலந்து அண்ணன் கையில் கொடுத்தீர்கள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, அப்படியே வைத்துக்கொண்டு உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"ஏலே, இதுக்கு உப்பும் ஊறுகாயும் வேணும்லே. பாவுக்குப் போட்ட கஞ்சி பூராவும் இதுலதான் கெடக்கு."

பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடாமல் எந்தத் துணி தறியில் ஏறுகிறது? அந்தக் கஞ்சி வாடையிலேயே ஊறிக் கிடந்தவர்கள் நாங்கள். தெருவில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்கள். ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டுமே! அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "நல்ல நெசவுக்காரரு! நீங்க நெய்த காப்பிய நீங்களே குடிங்க" என்று என்னிடம் தம்ளரை நீட்டினீர்கள். குடித்தேன். அந்தக் கஞ்சி வாடைதான் இன்று வேட்டியில் வந்தது.

மறுநாள் அந்தத் துணியை வெந்நீர்ப் பானையில் போட்டு அவித்து, கல்லில் அடித்து, காயவைத்து, மறுபடி அவித்தீர்கள். விறைப்பு போய்க் கோழி இறகு மாதிரி மெத்தென்றாகிவிட்டது. பிறகுதான் வழி பிடிபட்டது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகுதான் தூளைப் போட வேண்டும். மூடிவிட்டுக் கிண்டாமல் கிளறாமல், தூள் அடியில் அமரும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு துணியில் வடித்தால் கறுப்பாக, தெளிவாக, எண்ணெய் மாதிரி இறங்கும். பாலைத் தனியாகக் காய்ச்சிச் சீனி போட்டுக் கலந்து, கலந்ததும் குடித்துவிட வேண்டும். மறுபடி அடுப்பில் ஏற்றவே கூடாது. தூளை அரவைக் கடையில் அரைக்க அரைக்கக் கொஞ்சமாக வாங்க வேண்டும். இவ்வளவுதான். "கொதிக்க வச்சா அதுக்குக் கோவம் வந்துரும், கசக்கும்" என்பீர்கள், காப்பி என்னவோ வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி.

அண்ணன் குடித்தார். காலித் தம்ளரைத் திரும்ப நீட்டினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கடைக்காரர் தோற்றார் என்று.

நீங்கள் வீடு வீடாக ஏறினீர்கள். அவித்த துணித் துண்டு ஒன்று, அதோடு செய்முறையும். பெண்கள் ஒரே நாளில் படித்துக்கொண்டார்கள். கலயமும் துணியும் இல்லாத வீடு ஏது? சங்கு ஊதும் முன்னால் தெரு முழுக்க மணம் கிளம்பும். ஆம்பிளைகள் வீட்டு வாசலிலேயே குடித்துவிட்டுக் கடையைத் தாண்டி நடந்தோம். கடைக்காரர் முதலில் சிரித்தார். "ரெண்டு நாளு போட்டும்லே. நாக்கு சும்மா இருக்காது, இழுத்துட்டு வந்துரும்."

அவர் சொன்னதும் நடக்கப் பார்த்தது. மாடசாமி அண்ணன், கூடத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஒரு நாள் காலையில் கடையைப் பார்த்து நடந்தார். அவர் போனால் பின்னாலேயே மற்றவர்களும் போவார்கள். அப்புறம் வாழ்நாளுக்கும் அந்த ஆணிதான். நீங்கள் செம்பும் கையுமாகத் தெருமுனையில் போய் நின்றுவிட்டீர்கள்.

"எங்கன அண்ணே, காலையிலேயே?"

"சவம், பழக்கம் விட மாட்டேங்கு தாயி. அங்கன ஒரு வாய் குடிச்சாத்தான் கை தறியில நிக்கும்."

"போங்க, நான் மறிக்கல. இதுல ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க. நல்லால்லன்னா நானே கடை வரைக்கும் கூட வந்து, அந்தத் தம்ளரக் கழுவி உங்க கையில தாரேன்."

கடைசிச் சொல்லில் அவர் முகம் மாறியது. வாங்கிக் குடித்தார். முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "இத ஏன் முன்னாலயே சொல்லல? இன்னும் இருக்கா செம்புல?" அன்று திரும்பியவர்தான். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தம்ளர்களில் துருவேறியது. விடிகாலை வியாபாரம் எங்களால்தான் என்பது கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் நம் தெருமுனைக்கே வந்து நின்றார். "எங்கிட்ட என்னலே குத்தம் கண்டிய? தூளு மாத்தல, பாலு மாத்தல."

நாங்கள் அவரை முதலாளி என்று கூப்பிட்டே பழகியவர்கள். நீங்கள் முன்னால் வந்து, யாரும் அதுவரை கூப்பிடாத முறையில் கூப்பிட்டீர்கள். "அண்ணாச்சி, காப்பியில குத்தமில்ல. ஆணியிலதான் குத்தம்."

அவர் உங்களை முறைத்துப் பார்த்தார். திரும்பிக் கடையைப் பார்த்து நடந்தார். வேறு விதமாக ஏதும் வருமோ என்று நாங்கள் பயந்திருந்தோம். ஆனால் அந்த வருஷம் ஆடி முடியும் முன்பே ஒரு காலையில் பந்தல்கால் மொட்டையாக நின்றது. ஆணியுமில்லை, தம்ளருமில்லை. "உள்ள வாங்க. எல்லாருக்கும் ஒரே கிளாஸுதான்" என்றார். 'ஏலே' போய் 'வாங்க' வந்திருந்தது. அதைக் கேட்டும் ஒருவருக்கும் கால் எழவில்லை. மாடசாமி அண்ணன் என் விலாவில் இடித்து, "மதினியக் கூப்பிடுலே" என்றார்.

நீங்கள் வந்தீர்கள். பொம்பிளை ஏறாத கடையில் ஏறினீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நீங்கள் அவர் விட்டுப்போன இடத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டினீர்கள்.

"கொழுந்தனாரே, எடம் காலியாக் கெடக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் என் முழங்காலுக்குத் தெரிந்தது. கடைக்காரர் கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது. நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"தூளோட கொதிக்க விட்டுட்டீயளே அண்ணாச்சி, லேசாக் கருகியிருக்கு. ஒரு நா நம்ம தெருவுக்கு வாங்க, சொல்லித் தாரேன்."

வெளியே நின்றிருந்த நம் ஆட்கள் சிரித்த சிரிப்பில் தறிக்கூடத்துச் சத்தமே அடங்கிப்போனது. கடைக்காரர் முதலில் விறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பில் உதடு கோணிற்று.

அதற்குப் பிறகும் நாங்கள் வீட்டில்தான் குடித்தோம். உங்கள் காப்பிதான் நல்லது என்பது மட்டுமே அதற்குக் காரணம். ஆசை வந்தபோது கடைக்கும் போனோம், நிமிர்ந்து போனோம். நீங்கள் போன பிறகும் அண்ணன் அதே வழியில்தான் வடிக்கிறார். இந்த வயசிலும் துணியை வேறு ஆள் பிழிய விட மாட்டார்.

என்னிடம் தங்கியது வேறொன்று, மதினி. அந்தக் காலைக்குப் பிறகு நான் நின்றுகொண்டு காப்பி குடித்ததே இல்லை. இப்போது கல்யாண வீடுகளில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் நின்றபடியே குடிக்கிறார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நாற்காலி தேடுவேன். வயசாளிக்கு முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துவந்து போடுவார்கள். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, ஆறும் முன்னே குடிப்பேன்.