குடைப் பாட்டும் என் பொருத்தனையும்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஜெருஷாவின் ஸ்வெட்டர் ஃபேனுக்கு அடியில், நாற்காலியில்.

பாஸ்டரம்மா வீட்டு மாடியில் உபவாச ஜெபம். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இன்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. ஒரு வார்த்தை இல்லை. அம்மா என்றுகூட இல்லை. காது டெஸ்ட் எல்லாம் சரி. பாஸ்டரம்மா என் தலையில் கை வைத்தபடியே கேட்டார், கோபமே இல்லாமல்.

"வயித்துல இருந்தப்ப பிள்ளை காதுக்கு என்னம்மா குடுத்தே?"

ஒன்பது மாதமும் ஆபீஸ் பஸ்ஸில் இயர்ஃபோன். சினிமாப் பாட்டு. போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை. யாரிடமும் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது?

அங்கேயே பொருத்தனை செய்தேன். பிள்ளை பேசட்டும் ஆண்டவரே, இனி என் வாயிலும் என் வீட்டிலும் சினிமாப் பாட்டு இருக்காது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த பாட்டையெல்லாம் அழித்தேன். கடைசியாகக் குடைப் பாட்டு. ஜெ.வுக்கு ஊட்டும்போது போடுவது. அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

கேட்டேன். பாதி.

ஜூலை 7, திங்கள்

வெயில், பிறகு மூடாப்பு. வாங்க: ராகி மாவு, டயபர், துடைப்பம், ஜெ.வுக்கு செருப்பு.

மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பாட்டு போட்டேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முன்பு பாட்டோடு கூடவே முனகுவாள். இப்போது அதுவும் நின்றுவிட்டது. வீடு பயங்கர அமைதி.

கணவர் ஆல்வினிடம் பொருத்தனையைச் சொன்னேன். "உன் பொருத்தனையில என் வாயையும் சேத்துக்கிட்டியா?" என்றார். அவருக்கு இதெல்லாம் விளையாட்டு. அவர் வளர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில். அவர் அப்பா காலையில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார், சாயங்காலம் வீட்டில் அதே விரலால் பழைய சினிமாப் பாட்டு. இதனால் எங்கள் வீட்டில் யாரும் நரகத்துக்குப் போனதாகத் தெரியவில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெபத்தில் கண்ணை மூடினால் குடைப் பாட்டின் பல்லவிதான் வருகிறது. கட்டுப்படுத்த முடியவில்லை.

ஜூலை 9, புதன்

விவேக் நகரில் ஸ்பீச் தெரபி. ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ எஃப்.எம்.மில் அதே பாட்டு. ஜெ. நிமிர்ந்து உட்கார்ந்தாள், முனகினாள், ஐந்து நாளுக்குப் பிறகு. நான் நிறுத்தச் சொன்னேன்.

"யாக்கே மேடம், ஏன்? பாப்பா நல்லா ஆடுதே," என்றார் டிரைவர். நிறுத்திவிட்டார். ஜெ. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

தெரபி மேடம் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். பாட்டில் ஒரு வரி பாட வேண்டும், கடைசி வார்த்தையை விட்டுவிட வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டு அவள் முகத்தையே பார்க்க வேண்டும். மிச்சத்தை அவள் நிரப்புவாள்.

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டு வேணாம். அவளுக்கு எது பிடிக்கும்?"

சர்ச் பாட்டுதான் என்றேன். பொய்.

ஜூலை 11, வெள்ளி

ஜெபத்துக்குப் போகவில்லை. ஜெ.வுக்குக் காய்ச்சல் என்று பாஸ்டரம்மாவுக்கு மெசேஜ். காய்ச்சல் இல்லை. பொய் சொன்னதற்கே வந்துவிடுமோ என்று மூன்று தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு பள்ளிப் பாட்டில் முயற்சி. வரி, நிறுத்தம், பத்து. ஒன்றுமில்லை. நாற்பது தடவையாவது இருக்கும்.

வேதத்தில் ஒரு தகப்பன், யுத்தத்தில் ஜெயித்தால் வீட்டு வாசலிலிருந்து முதலில் வருவதைப் பலியாகக் கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்தவன். வந்தது மகள். ஒரே மகள். மேளத்தோடு ஆடிக்கொண்டு வந்தாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதான். இன்று அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் எதைக் கொடுத்தேன்? பாட்டையா, அவளுடைய வாயையா?

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குக் கிளம்பும் அவசரம். ஆ. பாத்ரூமில் ஷேவிங். தன்னை மறந்து பாடியிருக்கிறார், "மழை விட்டுப்போச்சு, குடைய மடக்கிட்டுக் கிட்ட..." நுரை வாய்க்குள் போய்விட, நிறுத்தியிருக்கிறார். வாசலில் நின்ற ஜெ. சொன்னாளாம்: "வா."

கூப்பிட்டார். ஓடினேன். திரும்பப் பாடினார், நிறுத்தினார்.

"வா."

தெளிவாக. என் மகளின் குரல் இப்படித்தான் இருக்குமா.

நான் முதலில் செய்தது, ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

"நீ பாடு. உன் மூஞ்சியத்தான் பாக்குறா," என்றார் ஆ. பாடவில்லை. பிள்ளை பேசட்டும் என்று கேட்டேன், பேசினாள். இனி என் முறை அல்லவா? மீறினால் கொடுத்ததை எடுத்துக்கொள்வாரோ? கண்ணாடியைப் பார்த்து ஆ. மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைகிட்டருந்து புடுங்குறவரையா நீ கும்புடுற?"

சர்ச்சுக்கு லேட்.

ஜூலை 16, புதன்

ஆ. பாடினால் சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன்.

ஒரு வார்த்தை வந்தது என்று பாஸ்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். எப்படி என்று சொல்லவில்லை. போனிலேயே அழுதார். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்லணும் என்றார்.

ஜூலை 18, வெள்ளி

மழை. நனைந்துகொண்டே போனோம். பாஸ்டரம்மா ஜெ.வின் தலையைத் தன் முந்தானையாலேயே துவட்டினார். முதலில் அமைதி ஜெபம், பிறகு என் சாட்சி. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மடியில் ஜெ. முனக ஆரம்பித்தாள். குடைப் பாட்டு. மெட்டு மட்டும், முதல் வரி. கடைசி வார்த்தைக்கு முன் நிறுத்தினாள். என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். நாங்கள் அவளுக்குக் காத்திருந்ததைப் போலவே.

ஒன்று, இரண்டு, மூன்று. மழைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. ஐந்து. ஆறு. அவள் உதடு மூடத் தொடங்கியது. அந்த மூடல் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

"வா," என்று பாடிவிட்டேன். சத்தமாக, ராகத்தோடு.

பாஸ்டரம்மாவின் கண் திறந்திருந்தது. எந்தப் பாட்டு என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஜெ. சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து முனகினாள். நிறுத்தினாள். என் வாயையே பார்த்தாள்.