பாதி வார்த்தை பின்னால்

டிசம்பர் 2, செவ்வாய்

சலவைக் கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வந்து விழுந்தன. இஸ்திரி போட்டுப் போட்டு வலது தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் இவர் மேசையில் குனிந்து ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். சபைச் செயலாளர் அல்லவா. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அப்புறம்தான்.

"சாப்டியா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"ம்" என்றேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிவில் இவர் மைக் முன்னால் போய் நின்றார். மாவட்டச் செய்திகள் முதலில். ஆற்றோரச் சபைக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. சிறைச்சாலைச் சந்திப்புக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். கண் பரிசோதனை முகாம் சனிக்கிழமை. பழைய துணி விற்பனைக்குத் துவைத்த துணிதான் தர வேண்டும். வியாழன் மதியச் சாப்பாடு எப்போதும் போல, பசித்தவர் யாரும் வரலாம்.

கடைசியாக: புது வருஷத்து முதல் ஞாயிறு, வட்டாரத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற உடன்படிக்கை ஆராதனை இந்தத் தடவை நம் ஆலயத்தில். நம் சபைகளை மேற்பார்க்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் வருகிறார்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இல்லை.

இவருக்கு வேலை பஸ் நிலையத்தில். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வது. சர்ச்சிலும் அதே குரல்தான். "நம்ம செயலாளர் கூப்பிட்டா பரலோக பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பும்" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மார்ச்சிலும் அதே குரலில்தான் வாசித்தார். கண் முகாம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. நம் சபைச் செயலாளரின் மகளுடைய அடக்க ஆராதனை நாளை மாலை நடைபெறும். துணி விற்பனை அடுத்த வாரம்.

செயலாளரின் மகளாம். அந்தச் செயலாளர் யார்? பக்கத்து வீட்டுக்காரரா? என் பாப்பாவை இரண்டு அறிவிப்புக்கு நடுவில் வைத்து வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 9, செவ்வாய்

அந்த உடன்படிக்கை ஆராதனையைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது நெஞ்சு கொஞ்சம் காலியாகுமா பார்ப்போம்.

வருஷா வருஷம் சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஒரு ஜெபத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் இனி என்னுடையவள் அல்ல, நீர் என்னை என்ன செய்தாலும் சரி, கொடுத்தாலும் சரி, எடுத்தாலும் சரி என்கிற மாதிரி வரும். என் மனசில் இருப்பதை மெதுவாக எழுதிவிடுவேன், ஆனால் அடுத்தவர் எழுதியதை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் பாப்பா பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் வாசிப்பாள், நான் அவள் வாயைப் பார்த்துப் பாதி வார்த்தை பின்னால் சொல்லிக்கொண்டே போவேன். "அம்மா, நீ என் எதிரொலி" என்று இடுப்பில் கிள்ளுவாள்.

போன ஜனவரியிலும் அப்படித்தான் சொன்னேன். மார்ச்சில் காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பத்தொன்பது வயது.

என்னை என்றுதானே சொன்னேன்? என் வாயால என்னைன்னுதான சொன்னேன். அவள எப்போ சொன்னேன்?

டிசம்பர் 11, வியாழன்

கடையில் வியாழன்தான் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். பாத்திரம் கழுவுவதோடு சரி, பரிமாறுவதில்லை. பரிமாறுவது பாப்பாவின் வேலை. பாடிக்கொண்டே பரிமாறுவாள்.

தொப்பிக்காரர் இன்றும் வந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற ஆள், ஜெபம் ஆரம்பித்தால் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துக்கொள்வார். கழுவுகிற இடத்துக்கே வந்து தட்டை நீட்டினார்.

"முன்ன எல்லாம் சோத்தோட பாட்டும் கிடைக்கும். இப்ப வெறும் சோறுதான்" என்றார்.

சாவி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாதர் சங்கத் தலைவி, ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில். "யோவ், ஓசிச் சாப்பாட்டுல குறை வேறயா? போய்யா அந்தப் பக்கம்!"

"குறை சொல்லலம்மா. தேடுதுன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை மாதத்தில் அவளைத் தேடுகிறது என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள். சபையார் எல்லாம் அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள் என்றுதான் சொல்கிறார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். எங்கள் சபையில் அப்படித்தான், மாநாட்டில் பெயரை வாசித்துவிட்டால் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். பாப்பாவை அடக்கம் செய்த ஐயா இப்போது எங்கேயோ. இந்தப் புதுப் பாஸ்டர் அவளைப் பார்த்ததே இல்லை. சின்னப் பையன், நல்ல பையன்.

திருவிருந்து மேசை விரிப்பை நான்தான் இஸ்திரி போட்டுத் தர வேண்டும் என்றார். சரி என்றேன். டீ கொடுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "விரிப்பு தரேன்யா. கிண்ணமெல்லாம் கழுவித் தரேன். ஆனா அந்த ஜெபத்தை நான் சொல்ல மாட்டேன்."

"அது ஒரு ஒப்புக்கொடுத்தல்தானேம்மா. வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கக் கூடாதுன்னா எதுக்குய்யா சத்தமா சொல்றோம்?"

பாவம், டீ ஆறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் பாஸ்டர் வந்ததைச் சொன்னேன். நான் சொன்னதைச் சொல்லவில்லை. "நாற்காலி எத்தனை வேணும்னு கேட்டாரா?" என்றார்.

நாற்காலி.

டிசம்பர் 19, வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். "கேக்கணுமா? உன் வீடு. மாப்பிள்ளைகூட சண்டையா?" என்றான்.

"சண்டைக்கு ரெண்டு பேர் பேசணும்ல" என்றேன்.

உடன்படிக்கை ஆராதனைக்கு மறுநாள் கிளம்புகிறேன். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னேன். திரும்பி வருவேனா? வந்து யாரோடு இருக்க? அவருக்குச் சபை இருக்கிறது, மைக் இருக்கிறது. எனக்கு இருந்த எதிரொலி அவள். இல்லை, அவளுக்கு நான்.

டிசம்பர் 25

இன்று கிறிஸ்துமஸ். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

சர்ச்சில் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து ஜெபத் தாள்களை மடித்தோம். நான் ஒரு தாளை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். முழுதாக. இத்தனை வருஷமும் பாப்பாவின் வாயைத்தான் பார்த்தேன், தாளைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து உட்கார்ந்தது. மடிக்க முடியவில்லை, விரல் நின்றுவிட்டது.

சாவி அக்கா பார்த்துவிட்டாள். பாஸ்டர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் போல. முழங்கையால் இடித்து, "சும்மா வாயையாவது அசைச்சிடுடி. கண்காணிப்பாளர் என்ன பக்கத்துல வந்து காத வெச்சா கேக்கப் போறாரு? எட்டு ஊர்க்காரங்க வராங்க. செயலாளர் சம்சாரம் வாயத் தைச்சுட்டு நின்னான்னு பேச்சு வந்தா அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

"அந்த மனுஷனுக்கு ஒண்ணும் இருக்காதுக்கா. அதான் எனக்கு வலிக்குது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு என் பங்குத் தாள்களையும் இழுத்துத் தானே மடித்தாள்.

ஜனவரி 3, சனி

விரிப்பு முடிந்தது, ஒரு சுருக்கம் இல்லை. திருவிருந்து ரசத்துக்கான விரல் நுனி அளவுக் கண்ணாடிக் கிண்ணங்கள், எல்லாம் கழுவித் துடைத்து டிரேயில் அடுக்கியாகிவிட்டது. துணிப் பையையும் கட்டிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் பார்த்தாரா தெரியவில்லை. பெருக்கும்போது பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ஆலயம் நிரம்பி வாசல்வரைக்கும் ஆட்கள். பிரசங்கம் முடிந்ததும் நான் பின்பக்கம் அடுப்படிக்கு வந்துவிட்டேன். டீக்குப் பால் வைத்தேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, வேலை செய்கிறவர்களும் ஆராதனையைக் கேட்கட்டும் என்று.

கண்காணிப்பாளர் ஜெபத்தைத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்து சொன்னது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துக்கு மேலே இவர் குரல் தனியாகக் கேட்கும். மைக்குப் பக்கத்திலேயே நிற்பார், பஸ் கிளம்பப் போகிற மாதிரி சொல்வார். இன்று கேட்கவில்லை. பெட்டிதான் கெட்டுவிட்டதோ? கண்காணிப்பாளர் குரல் நன்றாக வருகிறதே. மைக்கில் யாரோ மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது.

பக்கக் கதவுக்கு ஓடினேன். இவர் தன் இடத்தில்தான் நின்றார். தாள் கையில். வாய் மூடியிருந்தது. அழவில்லை. வராத பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சும்மா. ஆமென் வரைக்கும். ஆமெனும் சொல்லவில்லை.

பிறகு அறிவிப்புகள் வாசித்தார். கண் முகாம், சிறைச்சாலைச் சந்திப்பு, வியாழன் சாப்பாடு. அதே குரல். தாள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் ஆடியதா? நான் காதால் மட்டும்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது. சாவி அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள். காதில் விழவே இல்லை.

ஜனவரி 5, திங்கள்

நேற்று சாயங்காலம் நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சட்டை செருப்பு எதுவும் மாற்றாமல் உட்கார்ந்திருந்தோம். நான்தான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "போன வருஷம் சொன்னேன்ல. என்னைன்னுதான் சொன்னேன். அவளச் சொல்லல."

நான் இந்த நோட்டில் எழுதியது அவருக்குத் தெரியாது. அவர் இதை எடுத்து வாசிக்கிறவரும் இல்லை. அதே வார்த்தை எப்படி அந்த வாயிலிருந்து வந்தது?

"அப்போ அன்னிக்கு மட்டும் எப்படி வாசிச்சீங்க? செயலாளரின் மகள்னு? யார் வீட்டுப் பொண்ணோ மாதிரி?" கத்திவிட்டேன். மார்ச்சிலிருந்து தொண்டையில் கிடந்தது.

"என் மகள்னுதான் முதல்ல எழுதினேன். வாசிச்சுப் பாத்தேன், வாயில வரல. அடிச்சுட்டு செயலாளரின் மகள்னு எழுதினேன். குரலக் கொஞ்சம் மாத்தியிருந்தாலும் அங்கேயே விழுந்திருப்பேன். நீ முதல் பெஞ்சுல உக்காந்திருந்த. நானும் விழுந்துட்டா உன்ன யாரு புடிக்கிறது?"

அப்போதுதான் அவர் அழுதார். எனக்கு முன்னால் அழுதது இதுதான் முதல். சத்தமே இல்லை. அத்தனை பெரிய குரல் உள்ள மனுஷன்.

காலையில் கட்டிலுக்கு அடியில் பார்த்து, "போறியா?" என்றார். பார்த்துத்தான் இருக்கிறார்.

அண்ணனுக்குப் போன் செய்து இப்போது வரவில்லை என்றேன். "சண்ட தீந்துச்சா?" என்றான். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பரிமாறினேன். தொப்பிக்காரர் தட்டை நீட்டி, "பாட்டு?" என்றார். "எனக்கு வராது" என்றேன். "சரி, சோறாவது நிறையப் போடு" என்றார்.

ஜனவரி 21, புதன்

பாஸ்டர் வழியில் பார்த்து, அந்த ஜெபத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா என்றார். அடுத்த வருஷமும் அது வாயில் வராவிட்டால் என்ன ஐயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மனசு இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது. அவருக்கும் அப்படித்தான். ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

மார்ச் 3, செவ்வாய்

அறிவிப்புத் தாளை என் பக்கம் தள்ளினார். "இந்த வாரம் அவ நினைவு ஆராதனை அறிவிப்பு. என்னால ரெண்டாவது தடவ முடியாது. நீ வாசி."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். பஸ் எல்லாம் போயிடும்."

"மெதுவா வாசி. எவனும் இறங்கி ஓட மாட்டான்."

மார்ச் 8, ஞாயிறு

வாசித்தேன். மாவட்டச் செய்திக்கே வியர்த்துவிட்டது. ஆற்றோரச் சபை என்பதை இரண்டு தடவை பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சாவி அக்கா முதல் வரிசையில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் வைத்திருந்தாள்.

கண் முகாம் சனிக்கிழமை. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில், "எங்கள் மகள்" என்று இருந்தது. அடுத்து அவள் பெயர். நின்றுவிட்டேன். மைக் இரைந்தது.

குரலை மாற்றாமல் வாசித்தேன். எங்கள் மகள். ஒவ்வொரு எழுத்தாக.

கீழே பெஞ்சில் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பாதி வார்த்தை பின்னால்.