லெஃப்ட் கார்னருக்கு ஒன்பது மார்க்

ஷார்ஜா,
12 ஜனவரி 2025

அன்புள்ள இன்பமணிக்கு,

நலம். நாம் பேசி இரண்டு வருடம் இருக்கும். இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நான் விளையாட்டு டீச்சராக இருக்கும் பள்ளியில் ஒரு மாணவியின் அப்பா கலீலுர் ரஹ்மான், ஊரில் பெண்கள் கபடி அணி ஒன்றை வாங்கியிருக்கிறார். பிப்ரவரியில் நடக்கும் வீராங்கனைகள் ஏலத்துக்கு ஆட்களைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பு எனக்கு. இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற லெஃப்ட் கார்னர் இடம் ஒன்றுதான் பாக்கி. மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரியில் ஷாஜினி என்று ஒரு பெண் இருப்பதாகச் சொல்கிறார்கள். பொங்கல் போட்டிக்கு அவள் அணி குவைத்தில் உங்கள் மங்காஃபுக்கு வருகிறது. எனக்கு லீவு இல்லை. நீ அந்த இடத்தில் நின்று ஆடியவள். இரண்டு நாளும் பார்த்துச் சொல்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பாதி நேரம் சிரிப்பாய். ஓனரிடம் காட்ட வேண்டும். தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
பத்மா சேதுமாதவன்


மங்காஃப்,
18 ஜனவரி 2025

எட்டி பத்மா டீச்சருக்கு,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். ஃபேஸ்புக்கில் உன் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எட்டாம் கிளாஸ் தாண்டாதவளிடம் ரிப்போர்ட் கேட்ட முதல் டீச்சர் நீதான். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைத்தால், நீ வரும் அன்று மீன்குழம்பில் உப்புக் குறையும்.

பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு நான் சமைக்கிற மெஸ்ஸில்தான். அதனால் களத்தில் பார்த்தது பாதி, தட்டில் பார்த்தது பாதி.

முதலில் முட்டி. எங்கள் மெஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் பொங்கலுக்கு முன்பே கலாஸ், நின்றுபோச்சு. முட்டி போன பிள்ளை ஏறும்போது நடித்துவிடும், இறங்கும்போது மாட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் தேடி ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கும். ஷாஜினி ஒன்பது இட்லி தின்றுவிட்டு இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கினாள். நல்ல முட்டி. வயிறும் நல்ல வயிறு.

அடுத்தது பொறுமை. கபடி பாடி வருகிறவள் காலை நீட்டி நீட்டி ஆசை காட்டுவாள் இல்லையா, இவள் அசையவே இல்லை. ஹரியானாக்காரி ஒருத்தி, ஆறடி இருப்பாள். திரும்பிப் போக இடுப்பைத் திருப்பின அந்த நொடிதான், ஷாஜினி கணுக்காலை வாரிவிட்டாள். காயப்போட்ட கருவாடு மாதிரி கிடந்தது அந்த ஆறடியும்.

குறையும் சொல்கிறேன். பின்வாங்கும்போது கோட்டைப் பார்ப்பதில்லை, இரண்டு தடவை வெளியே மிதித்தாள். வாயும் ஜாஸ்தி. ரெஃபரியிடம், "சாருக்கு கண்ணாடி வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நேற்று சட்னி ஊற்றும்போது சொன்னாள்: "இந்த ஏலத்துல யாரும் எடுக்கலன்னா மார்ச்லேந்து துணிக்கடையில பில்லு போடணும் அக்கா. அப்பா சொல்லியாச்சு." அந்தக் கையால் பில்லா? எனக்குக் கரண்டியே நழுவிவிட்டது.

பத்துக்கு ஒன்பது மார்க். மிச்சம் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

உன் பழைய கார்னர்,
இன்பமணி

சேதுமாதவன் அண்ணன் தொப்பை இப்போது எந்த வெயிட் பிரிவு?


ஷார்ஜா,
20 ஜனவரி 2025

இன்பமணிக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. அவர்கள் கோச் ஃபைனல் வீடியோவை அனுப்பினார். பார்த்தேன். எனக்குத் திருப்தி இல்லை.

கார்னரும் பக்கத்தில் நிற்கிற 'இன்'னும் கைகோத்து நிற்பது எதற்கு? ஒருத்தி பாய்ந்தால் மற்றவள் கூடவே வந்து அமுக்கத்தானே? ஷாஜினி பாய்வதற்கு முன்பே கையை உதறிவிடுகிறாள், மூன்று தடவை. ஒரு தடவை ரைடர் தப்பியும் போய்விட்டாள்.

உனக்கு இது தப்பாகத் தெரியாது. 1999 தக்கலை ஃபைனலில், கடைசி நிமிடத்தில், நீயும் இப்படித்தான் என் கையை விட்டாய். ஒரு புள்ளியில் தோற்றோம். இத்தனை வருடம் நான் ஏன் என்று கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் கையை விடுகிற கார்னரை நான் எடுக்க மாட்டேன். உயரமான வேறொரு பெண் இருக்கிறாள். இந்த வாரம் ஓனரிடம் அவள் பெயரைச் சொல்லப்போகிறேன்.

பத்மா சேதுமாதவன்


மங்காஃப்,
21 ஜனவரி 2025

எட்டி பத்மா,

கோபத்தில் உன் கையெழுத்து இன்னும் அழகாக இருக்கிறது.

ஓனரிடம் சொல்வதற்கு முன்னால் அந்த வீடியோவை இன்னொரு தடவை போடு. ஷாஜினியைப் பார்க்காதே. அவள் பக்கத்தில் நிற்கிற பிள்ளை ஷ்ருதியைப் பார். எல்லாரும் அரைக்கை பனியன், அவளுக்கு மட்டும் முழுக்கை. இங்கே தண்ணீர் ஜக்கைக்கூட ஒற்றைக் கையால்தான் தூக்கினாள், இடது கை மடியிலேயே இருந்தது. அவள் தட்டையும் சேர்த்து ஷாஜினிதான் கழுவினாள்.

ஃபைனல் அன்று ராத்திரியே ஷாஜினியைப் பாத்திரம் வைக்கிற இடத்தில் மறித்துக் கேட்டேன்.

"எதுக்குட்டி அவ கைய விட்டே?"

"அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு அக்கா. நான் பாயும்போது இழுத்தா முறிஞ்சிரும். அடுத்த வாரம் ரயில்வே செலக்‌ஷன் இருக்கு அவளுக்கு. கோச்சுட்ட சொல்லிராதீங்க."

"உன்னப் பாக்கவும் ஆள் வந்திருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். நான் ஒத்தையாவும் பிடிப்பேன்லா?"

பிடித்தாள், பத்மா. மூன்றில் இரண்டை ஒற்றையாகவே பிடித்தாள். முதல் நாள் ஆட்டத்தையும் கோச்சிடம் கேட்டு வாங்கிப் பார், அன்றைக்கு ஷ்ருதிக்கு அடிபடவில்லை. ஒரு தடவைகூடக் கை விலகியிருக்காது. இல்லையென்றால் என் ஒன்பது மார்க்கையும் அழித்துக்கொள். செலக்‌ஷன் முடிகிறவரை ஷ்ருதி விஷயம் உன்னோடு இருக்கட்டும்.

தக்கலையைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். உன் இடது மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது? அங்கேயும் குளிர்தானே, வலிக்கிறதா?

இன்பமணி


ஷார்ஜா,
3 பிப்ரவரி 2025

எட்டி இன்பம்,

ஷாஜினியை எடுத்தாயிற்று. நேற்று ஏலத்தில் இன்னொரு அணியும் அவளைக் கேட்டது, நாங்கள் விடவில்லை. ஓனர் என்னிடம், "டீச்சர், முதல்ல வேண்டாம்னீங்களே?" என்றார். "வீடியோவைத் தப்பாப் பாத்துட்டேன் பாய்" என்றேன்.

முதல் நாள் ஆட்டத்தை வாங்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

என் மணிக்கட்டு வீக்கம் யாருக்கும் தெரியாது என்றே இருபத்தாறு வருடம் இருந்தேன். ஃபைனலுக்கு முந்தின நாள் விழுந்ததில் வந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஃபைனலில் என் கை முறிந்திருந்தால் மாநில அணி கிடையாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்த வேலையும் கிடையாது. அன்று பார்க்க வந்த மாநிலத் தேர்வாளர்கள் என்னை எடுத்தார்கள், உன்னைக் கைவிட்டவள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் பள்ளி விடுமுறை. குவைத் வருகிறேன். வலி இருக்கிறது, குளிரில் மட்டும்.

பத்மா


மங்காஃப்,
4 பிப்ரவரி 2025

எட்டி பத்மா,

ஷாஜினி போன் பண்ணினாள். ஒரு நிமிடம் அழுதாள், பத்து நிமிடம் ஓனர் சாப்பாடு நன்றாகப் போடுவாரா என்று விசாரித்தாள். ஒன்பது இட்லிக்கு ஏற்பாடு செய்யச் சொல்.

பழசெல்லாம் கலாஸ். எனக்கு அன்று கை வியர்த்து வழுக்கிவிட்டது என்றே வைத்துக்கொள். நீ அழ ஆரம்பித்தால் எனக்குக் கேலி செய்ய ஆள் இல்லாமல் போகும்.

வா. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நீ வந்து போகிறவரை அதைத் தொடக்கூடாது என்று வாட்ச்மேன் சாதிக் பாட்ஷா பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மூன்று மாடி ஏறி வா. வயிறு முட்டச் சாப்பிடு. இறங்கும்போதுதான் உனக்கு மார்க்.

கைப்பிடியைத் தேடாதே. இடது கையை நீட்டு. பக்கத்துப் படியில் நான்தான் இறங்குவேன்.

உன் கார்னர்,
இன்பமணி