ஈஸ்டர் திங்களன்று போன பெட்டி

ஜெர்சி சிட்டி
14 செப்டம்பர் 1997

என் டாக்டரம்மா தெமியானாவுக்கு,

பாபா எழுதுவது. போனில் கேட்டால் நீ "சரி பாபா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பாத்திர வியாபாரத்தில் இருபது வருடம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது இது.

நம் காப்டிக் கிறிஸ்தவப் புது வருடத்துக்கு அம்மா சிவப்புப் பேரீச்சை அனுப்பியிருக்கிறாள். அறைத் தோழிக்கும் கொடு. முதலில் நீ தின்றுவிட்டுக் கொடு.

உன் கல்லூரி கொடுத்த ஒப்பந்தத்தை நேற்று கடையில் உட்கார்ந்து மூன்றாம் தடவையாகப் படித்தேன். மூன்று வருடம் பட்டப்படிப்பு, அதோடு ஒட்டினாற்போல் நான்கு வருடம் மருத்துவம், நடுவே இன்னொரு நுழைவுத் தேர்வு கிடையாது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு, ஏழு வருடம் கழித்து வரப்போகும் டாக்டர் பட்டத்தை இப்போதே எழுதிக் கொடுக்கிறார்கள். நான் ஒரு அலுமினியச் சட்டி வாங்கினால்கூட அடியைத் தட்டிப் பார்ப்பவன். இத்தனை நல்ல பேரம் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கவேண்டும். தேடினேன். மதிப்பெண் குறைந்தால் இடம் போய்விடும் என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, அது நியாயம். பன்னிரண்டாம் பக்கத்தில், நவம்பர் 21-க்குள் நீ கையெழுத்துப் போட்டு இந்த மருத்துவ இடத்தை உறுதி செய்யவேண்டும், போடாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று இருக்கிறது. அதைப் பார்த்தாயா?

பதினெட்டு இடம், அறுநூறு பிள்ளைகள் போட்டி. "ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்" என்ற கட்டுரையைப் பதினொரு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதினாய். ஏப்ரல் ஒன்றாம் தேதி காத்திருப்புப் பட்டியல் என்றார்கள், மே இரண்டாம் தேதி இடம் என்றார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஒரு கையெழுத்தை மறந்து விட்டுவிடாதே.

அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா? "ஆமாம்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதக்கூடாது.

உன் பாபா,
நஸீஃப்

---

5 அக்டோபர் 1997

அன்புள்ள பாபாவுக்கு,

ஆமாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா எழுதினேன். பேரீச்சை வந்தது, தோழி பாதியைத் தீர்த்துவிட்டாள். புதன், வெள்ளி விரத நாட்களில் உணவு விடுதியில் எனக்குக் கிடைப்பது கீரையும் உருளைக்கிழங்கும்தான். அம்மாவிடம் சொல்லவேண்டாம், பீன்ஸ் அவித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள்.

ஒரு விண்ணப்பம். தயவுசெய்து சர்ச்சில் என்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். போன வாரம் ஊருக்கு வந்தபோது சுஹைர் அத்தை பாவாடையைத் தூக்கி முழங்காலைக் காட்டுகிறார். "பார்த்துச் சொல்லும்மா, வாயுவா, எலும்பா?" என்கிறார். நான் இன்னும் ஒரு தவளையைக்கூட அறுக்கவில்லை பாபா.

வியாழக்கிழமைகளில் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசவேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்குக் கிடைத்தவர் பஸ் ஓட்டிய பெரியவர், பெயர் ஸ்டான்லி. எல்லோரையும் திட்டுகிறார், என்னையும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். முந்தாநாள் புது மாணவர்களுக்குத் தேநீர் விருந்து நடந்தது. நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்டாரே டாக்டர் ஹாலவே, அந்த அம்மாள் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா கொண்டுவந்த பிஸ்கட் பிரமாதம்மா! என் கோட்டு பூரா சர்க்கரைத்தூள்! நல்லா இருக்காரா?" என்றார். பக்கத்தில் நின்ற மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன பிஸ்கட் பாபா?

அன்புடன்,
தெமியானா

---

12 அக்டோபர் 1997

என் கண்ணுக்கு,

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வாணலி ஒரு லாரி நிறைய வந்து இறங்கியிருக்கிறது, கைப்பிடி எல்லாம் கோணல், திருப்பி அனுப்பப் போகிறேன். சுஹைர் அத்தையிடம் சொல்லிவிட்டேன். "டாக்டர்னு சொல்லக்கூடாதாம், கோவிச்சுக்கறா" என்றேன். "பாரு, டாக்டருக்கு உண்டான திமிர் இப்பவே வந்துடுச்சு" என்றார்.

பிஸ்கட்டா? ஈஸ்டருக்கு அம்மா சுட்ட கஹ்க். தபால்காரருக்குக் கொடுத்தோம், எதிர்க்கடைக் கொரியாக்காரருக்குக் கொடுத்தோம், பாங்கு மேனேஜருக்குக் கொடுத்தோம். மறுநாள் திங்கட்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன், அந்த அம்மாளுக்கும் ஒரு பெட்டி. பண்டிகை நாளில் வெறுங்கையோடு ஒருவர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் நம்மை என்ன நினைப்பார்கள்? பிஸ்கட்டுக்கு எந்தப் பைத்தியக்காரராவது மருத்துவ இடம் கொடுப்பாரா?

படிப்பைப் பார்.

பாபா

---

19 அக்டோபர் 1997

பாபாவுக்கு,

இடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே. பிஸ்கட் என்றதும் நீங்களாகவே அங்கே போய்விட்டீர்கள். சரக்கில் குறை இருக்கும்போதுதான் வியாபாரி அதிகம் பேசுவான் என்று கடையில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

உங்கள் கணக்குப்படியே வருகிறேன். ஏப்ரல் 1, காத்திருப்புப் பட்டியல். ஏப்ரல் 28, ஈஸ்டர் திங்கள், பெட்டி போகிறது. ஏப்ரல் 30, டாக்டர் ஹாலவே கடைக்கே போன் செய்து என்னோடு பேசுகிறார். மே 2, இடம். நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்பு எழுதுவீர்கள்?

அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை? கல்லூரியைச் சுற்றி மைதானமும் வாத்துக் குளமும்தான் இருக்கின்றன. வாத்துக்கு வாணலி விற்கப் போனீர்களா?

எகிப்தில், நம் அஸ்யூட் ஊரில் கடை உரிமத்துக்கு அலைந்த கதையை எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறீர்கள்! "எட்டு மாசம் நடந்தேன், நடக்கல. ஒரு தட்டு பஸ்பூசா இனிப்பு கொண்டுபோய் மேசைல வெச்சேன், எட்டு நிமிஷத்துல முத்திரை குத்திட்டான்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நேர்காணலன்று என் பக்கத்தில் டெரன்ஸ் என்று ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தான். அவனும் காத்திருப்புப் பட்டியலில் இருந்தான். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் வீட்டில் கஹ்க் சுடமாட்டார்கள்.

வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தால்கூட இது என்னுடையதா என்று தோன்றுகிறது. அந்த இடம் தட்டு வைத்து வாங்கியது என்றால் நவம்பர் 21 அன்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். நேராகச் சொல்லுங்கள்.

தெமியானா

---

2 நவம்பர் 1997

தெமியானாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

அஸ்யூட்டில் செய்தது உண்மை. அங்கே எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரித்ததற்கு இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேலையாகப் போனேன் என்றது பொய். அந்த அம்மாளைப் பார்க்கத்தான் போனேன். அவர் அறையில் இல்லை. பெட்டியைக் காரியதரிசியிடம் வைத்துவிட்டு வந்தேன். பெட்டிக்குள், பிஸ்கட்டுக்கு மேலே, ஒரு காகிதமும் வைத்தேன். என் இங்கிலீஷில் நானே எழுதியது.

அதில் என்ன எழுதினேன் என்று இப்போது சொன்னால் நீ நம்பப் போவதில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். கடைக்கு வரும் வக்கீல் ஒருவரைக் கேட்டேன். ஒரு மாணவி தன்னுடைய கோப்பைத் தானே கேட்டு வாங்கிப் பார்க்கலாமாம், சட்டம் இருக்கிறதாம். போய்க் கேள். காகிதத்தை அவர்கள் தூக்கிப் போட்டிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். படித்துவிட்டு என்ன முடிவு வேண்டுமானாலும் எடு. கையெழுத்து உன்னுடையது.

டெரன்ஸ் இப்போது எங்கே படிக்கிறான்? விசாரித்து எழுது.

நஸீஃப்

---

22 நவம்பர் 1997

என் பாபாவுக்கு,

கோப்பைப் பார்க்க இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். நேற்று முன்தினம் டாக்டர் ஹாலவே தன் அறைக்கே கூப்பிட்டு, கோப்பை என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காத்திருப்புப் பட்டியலில் மார்ச் 31 அன்றே முதல் பெயர் என்னுடையது. மே ஒன்றாம் தேதி ஒருவன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால் இடம் எனக்கு வந்திருக்கிறது. டெரன்ஸ் ஆறாவது. அவன் இப்போது நியூவார்க்கில் உயிரியல் படிக்கிறான், நன்றாக இருக்கிறானாம்.

அடுத்த தாளில் உங்கள் கையெழுத்து. நம் கடை ரசீதின் பின்பக்கம். நீங்கள் நகல் வைத்திருக்கமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்:

"டாக்டர் அம்மா அவர்களுக்கு. இனிப்பு பண்டிகைக்காக. இடத்துக்காக இல்லை. என் மகள் நான் எது கேட்டாலும் 'ஆமாம் பாபா' என்பாள். சின்ன வயதிலிருந்து 'இல்லை' என்று சொன்னதே இல்லை. டாக்டர் ஆகிறாயா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் கேட்டால் உண்மை வராது. நீங்கள் கேளுங்கள். அவளுக்கு மனதில்லை என்றால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன். நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லவேண்டாம். நஸீஃப், பாத்திரக் கடை."

அதன் கீழே டாக்டரின் குறிப்பு: "பிஸ்கட் பொது மேசையில் வைக்கப்பட்டது, தீர்ந்துவிட்டது. முடிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாணவியிடம் போனில் கேட்டேன். விருப்பம் என்றார். பதில் சற்று அதிக வேகமாக வந்தது."

பாபா, அன்று அவர் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "உங்க அப்பா இல்லைன்னு வெச்சுக்கோ, அப்பவும் வருவியா?" நீங்கள் சரக்கறையில் இருந்தீர்கள். அங்கே இன்னொரு போன் இருக்கிறது. நீங்கள் எடுத்து ஒட்டுக்கேட்கிறீர்கள் என்று நினைத்து, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, "முழு மனசோட வரேன் டாக்டர்" என்றேன்.

உங்கள் சந்தேகம் சரிதான். அன்று நான் சொன்னது பொய்.

கோப்பை மூடிவிட்டு இதை டாக்டரிடமும் சொன்னேன். "இப்ப யாராவது ஒட்டுக்கேக்கறாங்களா?" என்றார். இல்லை என்றேன். ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

ஸ்டான்லி போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போதும் திட்டினார். வியாழக்கிழமை மட்டும்தான் போகவேண்டும் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து போய்க்கொண்டிருந்தேன், ஐந்து வாரமாக. யாரும் போகச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நேற்று அதை நினைத்துக்கொண்டே அலுவலகம் வரை நடந்துபோய், மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

இதை மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன். டாக்டர் ஹாலவேயிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி ஏழு, நம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அம்மாவிடம் ஒரு பெட்டி கஹ்க் கூடுதலாகச் சுடச் சொல்லுங்கள், ஸ்டான்லிக்கு. உள்ளே காகிதம் எதுவும் வைக்கக்கூடாது.

ஒவ்வொரு பண்டிகைக்கும் "வேணுமா?" என்று நீங்கள் நீட்டும் கடலை மாவு இனிப்பை நான் இனி சாப்பிடமாட்டேன் பாபா. சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடிக்காது.

உங்கள் மகள்,
தெமியானா