இரண்டு பத்துக்கு ஒரு கிலோமீற்றர்

ஜனவரி 4, சனி

கைமணிக்கூடு செத்துப்போச்சு. நேற்று றொமேஷ் அண்ணையின் படகைத் தள்ளப்போய் உப்புத் தண்ணீருக்குள் கையை விட்டதன் பலன். ஊர்காவற்றுறையிலிருந்து சாட்டி வரை பத்துக் கிலோமீற்றர் ஓட்டம், இன்னும் மூன்று கிழமை. முதல் இரண்டு பேர்தான் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். போன வருசமும் நான் மூன்றாவது, அதற்கு முதல் வருசமும் மூன்றாவது. வயது இருபத்தொன்பது. இதுதான் கடைசி என்று அம்மா சொல்லிவிட்டா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மணிக்கூடு இல்லாமல் வேகத்தை அளக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். செபமாலை! மனத்துக்குள் ஆறுதலாக, அவசரப்படாமல் சொன்னால் பத்து 'அருள் நிறைந்த மரியாயே' இரண்டரை நிமிடம். இரண்டு பத்துக்கு ஒரு கிலோமீற்றர். றொமேஷ் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டிலையே நீ பஸ்ஸைப் பிடிக்கப் போறவள் மாதிரியெல்லோ செபம் சொல்லுறனி!"

வீட்டில் ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதி அம்மா, 'புனித மரியாயே' என்று தொடங்கும் மறுபாதி நானும் அண்ணையும். அம்மா முடிக்கமுதலே நான் தொடங்கிவிடுவேன், உண்மைதான். ரோட்டில் இரண்டு பாதியும் நானே. சரியாக வரும்.

ஜனவரி 15, புதன்

பயிற்சியில் வேலணைப் பவதாரணியைக் கண்டேன். இருபத்துமூன்று வயது. போன வருசம் எனக்கு முன்னால் போனவள். பொங்கல் பலகாரம் தந்தாள். சிரித்துக்கொண்டு வாங்கினேன். வயிறு எரிந்தது.

ஜனவரி 24, வெள்ளி

நாளைக்கு ஓட்டம். இருந்தால் மனம் எழும்பச் சொல்லுது, எழும்பினால் நடக்கச் சொல்லுது. வேலைசெய்யும் மருந்துக்கடையில் ஒருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். நல்ல காலம், பெயரை இன்னொருதரம் வாசித்தேன்.

ஜனவரி 25, சனி

முழுக்க எழுதவேணும்.

இறங்குதுறையில் விசில் ஊதினதும் நெடுந்தீவு நிலாந்தினி பாய்ந்து போனாள். போகட்டும் என்று விட்டேன். பவதாரணி எனக்குப் பின்னால். வாடைக்காற்று என் முகத்தில் அடிக்க, அவள் என் மறைவில் சுகமாக ஓடுகிறாள் என்று எரிச்சல். நாலாம் கிலோமீற்றரில் பின்னாலிருந்து குரல்:

"அக்கா, கெதியாச் சொல்லுறீங்கள். ஆறுதலாச் சொல்லுங்கோ."

வாய்விட்டா சொல்லிக்கொண்டிருந்தேன்? வெட்கம். அதைவிடக் கோபம். என்னை மெதுவாக்கப் பார்க்கிறாள், கள்ளி! இன்னும் கெதியாகச் சொன்னேன். காலும் கூடவே போனது. பயந்தால் என் செபம் ஓடும், செபம் ஓடினால் கால் ஓடும் — இது ஏன் எனக்கு முதலே விளங்கவில்லை?

ஏழாவதில் வயிற்றில் குத்து. மூச்சு இல்லை, செபமும் இல்லை. பவதாரணி என்னைக் கடந்தாள். திரும்பவும் மூன்றாமிடம். ஐயோ, திரும்பவும்.

கடந்தவள் தூரப் போகவில்லை. இரண்டடி முன்னால் ஓடிக்கொண்டு, "புனித மரியாயே" என்று மறுபாதியை உரத்துச் சொல்லி முடித்தாள். பிறகு பேசாமல் ஓடினாள். மறுபாதி முடிந்தால் அடுத்த முதற்பாதியைத் தொடங்காமல் எங்கள் வீட்டு நாக்கு சும்மா இராது. சொன்னேன். அவள் மறுபாதி சொன்னாள். நான் முதற்பாதி. அவள் முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மூச்சு திரும்பி வந்தது. சாட்டிக் கடல் தெரியும் இடத்தில் நிலாந்தினியைக் கடந்தோம். கடைசி நூறு மீற்றரில் இரண்டு பேரும் செபத்தை விட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினோம். அவள் முதலாவது. நான் இரண்டாவது!

"இந்தச் செபம் உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கொன்வென்ற்றிலை படிச்சனான், அக்கா. சிஸ்டர் முதற்பாதி சொல்லுவா, நாங்கள் மறுபாதி. முதற்பாதி எனக்குப் பாடமில்லை."

"அப்ப என்னை விட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"தனிய ஓடினா எனக்கும் வேகம் பிழைச்சுப்போகும். உங்கட செபத்துக்குத்தானே அவ்வளவு தூரமும் ஓடி வந்தனான்."

கள்ளி என்று நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேணும்.

ஜனவரி 27, திங்கள்

கடைசி என்ற கதையை அம்மா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

பவதாரணிக்குக் காய்ச்சல். மாவட்டப் போட்டிக்கு யாழ்ப்பாணத்துக்கு நான் தனியத்தான் போனேன். ஒருத்தி தொடக்கத்திலேயே பாய்ந்து போனாள். கால் துடித்தது. முதற்பாதியைச் சொல்லி, பவதாரணியின் பாதிக்கு இடம் விட்டு, திரும்ப முதற்பாதியைச் சொல்லி — பத்துக் கிலோமீற்றரும் அப்படியே ஓடினேன். இரண்டாமிடம்.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். குரல் அடைத்திருந்தது. எத்தனையாவது என்று கேட்கவில்லை.

"கெதியாச் சொன்னீங்களோ, அக்கா?"

"இல்லை. நீர் சொல்லி முடிக்குமட்டும் காத்துக்கொண்டிருந்தனான்."